பிடித்த வண்டியா, விலைபோகிற வண்டியா? பழைய சூப்பர்கார் வாங்கும்போது போட வேண்டிய கணக்கு

ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஏறக்குறைய ஒரே கிலோமீட்டர் ஓடிய இரண்டு வண்டிகள் விற்பனைக்கு இருக்கின்றன. ஒன்று சிவப்பு, உள்ளே கறுப்பு லெதர். இன்னொன்று அடர்பச்சை, உள்ளே பழுப்பு. பச்சை வண்டி பத்து சதவீதம் குறைவாகக் கிடைக்கிறது. உங்கள் மனமும் அதில்தான் இருக்கிறது. சுற்றியிருப்பவர்களோ "சிவப்பை எடு, நாளைக்கு விற்க வேண்டாமா?" என்கிறார்கள்.

அந்த அறிவுரையில் ஒரு ஓட்டை இருக்கிறது. பச்சை நிறத்தால் வந்த நஷ்டத்தை முதல் ஓனர் ஏற்கெனவே சுமந்துவிட்டார். குறைந்த விலைக்கு வாங்கிக் குறைந்த விலைக்கு விற்றால் உங்கள் கையிலிருந்து பெரிதாக ஒன்றும் போகாது. எல்லோரும் தேடுகிற வண்டியின் விலையைக் கொடுத்து, உங்களுக்கு மட்டும் பிடித்த வண்டியை வாங்கும்போதுதான் அடி விழும்.

ஆகவே ஒவ்வொரு விருப்பத்துக்கும் இரண்டு கேள்விகள் போதும். இதற்காக ஆண்டுக்கு எவ்வளவு கொடுக்கப்போகிறேன்? விற்கும் நாளில் இதைப் பழையபடி மாற்றிவிட முடியுமா?

கணக்கு

சிவப்பு வண்டியின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சை 90. மூன்று ஆண்டு கழித்து விற்கும்போது இரண்டுமே 15 சதவீதம் இறங்கியிருப்பதாகக் கொள்வோம். சிவப்பு 85-க்குப் போகும், பச்சை 76.5-க்கு. நஷ்டம் முறையே 15, 13.5. பச்சைக்கு ஆள் கிடைக்க மூன்று மாதம் கூடுதலாக ஆகிறது என்று வையுங்கள். முடங்கிய பணத்துக்கு ஆண்டுக்கு 8 சதவீத வட்டி என்றால் அந்த மூன்று மாதத்துக்குச் சுமார் 1.5. பச்சையின் செலவும் 15 ஆகிவிட்டது. சிவப்பில் கூடுதலாகப் போட்ட 10-க்கு மூன்று ஆண்டு வட்டியையும் கணக்கில் சேர்த்தால், 2.4 வித்தியாசத்தில் பச்சைதான் லாபம்.

இப்போது அதே கணக்கைக் கெடுத்துப் பார்ப்போம். நீங்கள் மயங்கி நிற்பதைப் பார்த்த விற்பனையாளர் 96-க்குக் கீழே இறங்க மறுக்கிறார். வாங்கிவிடுகிறீர்கள். மூன்று ஆண்டு கழித்துச் சந்தை தருவது அதே 76.5. நஷ்டம் 19.5, காத்திருப்புச் செலவோடு 21. சிவப்பைவிட 6 அதிகம், அதாவது ஆண்டுக்கு 2. இதுதான் உங்கள் ரசனையின் வாடகை. தோட்டத்தில் நிற்கும் பச்சை வண்டியைப் பார்க்கும் மகிழ்ச்சிக்கு அந்த வாடகை தகும் என்றால் கொடுங்கள், அதில் தவறே இல்லை. தெரிந்து கொடுக்கிறீர்களா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது நிலை ஒன்று உண்டு. அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சந்தை மந்தமாக இருக்கும்போது அபூர்வ நிறங்களுக்கும் நல்ல நிறங்களுக்கும் உள்ள இடைவெளி விரியும். வாங்குபவருக்கு முன்னால் பத்து வண்டிகள் நிற்கும்போது அவர் எதற்காகச் சமரசம் செய்துகொள்ளப்போகிறார்? இடைவெளி 10 சதவீதத்திலிருந்து 15 ஆனால், சிவப்பு அதே 85-இல் நின்றாலும் பச்சை 72 சொச்சத்துக்கு இறங்கிவிடும். அவசரத்துக்கு விற்க வேண்டியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆகவே இரண்டு ஆண்டுக்குள் பணம் தேவைப்படலாம் என்று தோன்றினால், எளிதில் விற்கும் வண்டியை எடுப்பதே புத்திசாலித்தனம். ஐந்து, ஆறு ஆண்டு வைத்திருப்பது உறுதி என்றால் நிறம் போன்ற விஷயங்களில் கையைத் தளர்த்தலாம்.

அந்தப் பத்து சதவீதம் என்ற எண்ணை எங்கிருந்து எடுப்பது? நீங்களேதான் திரட்ட வேண்டும். வாங்குவதற்கு முன் எட்டு முதல் பத்து வாரம் விளம்பரங்களைக் கவனியுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரி: ஆண்டு, கிலோமீட்டர், கியர்பாக்ஸ், வெளி நிறம், உள் நிறம், முக்கிய ஆப்ஷன்கள், கேட்ட விலை, விளம்பரம் வந்த தேதி, விலை குறைத்த தேதி, காணாமல் போன தேதி. கேட்கிற விலை என்பது ஆசை மட்டுமே. எத்தனை நாளில் விளம்பரம் மறைந்தது, அதற்குள் எத்தனை முறை விலை இறங்கியது என்பதுதான் உண்மையைச் சொல்லும். ஏல முடிவுகள் வெளிப்படையாகக் கிடைக்கும் மாடல் என்றால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விற்காமல் திரும்பிப்போன வண்டிகளைக் கட்டாயம் சேருங்கள்.

டீலரிடம் வாங்குகிறீர்களா? விலை பேசி முடிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதே வண்டியை ஒரு மாதம் கழித்து உங்களிடமே கொண்டுவந்தால் என்ன தருவீர்கள்?" சொல்லும் எண்ணைவிட, பதில் சொல்லும் வேகத்தைக் கவனியுங்கள். நல்ல வண்டிக்கு உடனே ஒரு எண் வரும். விற்கச் சிரமமான வண்டிக்கு "கமிஷனுக்கு வேண்டுமானால் நிறுத்தித் தருகிறோம்" என்பார்கள். விற்பனை விலைக்கும் திரும்ப வாங்கும் விலைக்கும் உள்ள இடைவெளியே அந்த வண்டி எவ்வளவு எளிதில் பணமாகும் என்பதற்கான அளவுகோல்.

கியர்பாக்ஸ்: திருத்த முடியாத முடிவு

மதிப்பை அதிகம் ஆட்டுவதும், பின்னால் நேர்மையாக மாற்ற முடியாததும் கியர்பாக்ஸ்தான். 2000-களில் ஃபெராரி 360, எஃப்430, லம்போர்கினி கல்லார்டோ, முதல் தலைமுறை ஆடி ஆர்8 போன்றவை இரண்டு விதமாகக் கிடைத்தன. உலோகத் தகட்டில் வெட்டிய பாதைகளுக்குள் லீவர் நகரும் மேனுவல் ஒன்று. ஒற்றை கிளட்ச்சை ஹைட்ராலிக் மூலம் இயக்கி, ஸ்டீயரிங்குக்குப் பின்னாலுள்ள துடுப்புகளால் கியர் மாற்றும் பேடில் ஷிஃப்ட் இன்னொன்று. புதிதாக விற்றபோது பெரும்பாலோர் பேடிலைத்தான் எடுத்தார்கள். இன்று நிலைமை தலைகீழ். ஃபெராரி 458 2009-இல் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுடன் மட்டுமே வந்தது. அதன்பின் மேனுவல் ஃபெராரி வேண்டும் என்பவர்கள் பழைய வண்டிகளையே துரத்த வேண்டியிருக்கிறது. எஃப்430 மேனுவலுக்குப் பேடில் வண்டியைவிடக் கணிசமான கூடுதல் விலை நிற்பதற்கு இதுவே காரணம்.

இங்கே ரசனை எங்கே வருகிறது? மேனுவலை ஓட்டி மகிழ்பவர் அந்தக் கூடுதல் விலையைத் தைரியமாகக் கொடுக்கலாம். விற்கும்போது பெரும்பகுதி திரும்பி வர வாய்ப்புண்டு. மேனுவல் பிடிக்காமல், "விலை ஏறும்" என்பதற்காக மட்டும் வாங்குவது வேறு கதை. பிடிக்காத வண்டியில் பெருந்தொகையை முடக்கி, நெரிசலில் கனமான கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருப்பீர்கள். தினமும் ஓட்ட நினைப்பவருக்கு இரட்டை கிளட்ச் வண்டியே பொருத்தம். ஆர்8 எடுப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்: 2012 மறுவடிவத்துக்கு முன்பு வந்த பேடில் வண்டிகளில் ஒற்றை கிளட்ச், அதற்குப் பிறகு ஏழு கியர் இரட்டை கிளட்ச். விளம்பரப் படத்தில் வித்தியாசம் தெரியாது. ஓட்டினால் முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிடும்.

ஒற்றை கிளட்ச் வண்டிகள் இன்று மலிவாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. ஏற்றத்தில் பின்னால் எடுப்பது, நெரிசலில் ஊர்வது, நிறுத்துமிடத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்துவது, இவை ஒவ்வொன்றும் கிளட்ச்சைத் தின்னும். ஆனால் அந்தக் கட்டமைப்பிலேயே ஒரு வசதியும் உண்டு. கிளட்ச் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்பதைச் சோதனைக் கருவி கம்ப்யூட்டரிலிருந்து படித்துச் சொல்லிவிடும். அந்த எண்ணைத் தாளில் கேட்டு வாங்குங்கள். கிளட்ச் புதிதாகப் போட்டபின் கணக்கைப் பூஜ்ஜியமாக்கி மறுஅளவீடு செய்தார்களா என்றும் கேளுங்கள். செய்யாவிட்டால் அந்தச் சதவீதத்துக்குப் பொருளில்லை.

360, எஃப்430 பேடில் வண்டிகளை மேனுவலாக மாற்றித் தரும் பட்டறைகளும் இருக்கின்றன. வேலை நன்றாகவே செய்திருக்கலாம், ஓட்டுவதற்கும் இனிமையாக இருக்கும். தொழிற்சாலையிலிருந்து மேனுவலாக வந்த வண்டியின் விலை மட்டும் அதற்கு ஒருபோதும் வராது. சேசிஸ் எண்ணை வைத்து அந்த பிராண்டின் டீலரிடம் கேட்டால், வண்டி எந்த கியர்பாக்ஸோடு வெளியே வந்தது என்று சொல்லிவிடுவார்கள். மாற்றியது என்று தெரிந்து, மாற்றிய வண்டிக்கான விலையில் வாங்கினால் நல்ல பேரம். தெரியாமல் வாங்கினால் பெரிய இழப்பு.

அபூர்வம் என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். 2016-இல் போர்ஷே 911 ஆர் வெறும் 991 வண்டிகள் என்று அறிவித்து, மேனுவல் கியர்பாக்ஸோடு வந்தது. கைமாறும் விலை வானத்துக்குப் போயிற்று. 2017-இல் அதே நிறுவனம் 911 ஜிடி3 மாடலுக்கு மேனுவல் ஆப்ஷன் கொடுத்தது. அதே ஆண்டில், பெரிய பின் இறக்கை இல்லாத டூரிங் வடிவத்தையும் கொண்டுவந்தது. ஆர் வாங்கக் காத்திருந்த பலருக்கு அதுவே போதுமானதாக இருந்தது, விலை இறங்கியது. எண்ணிக்கையில் குறைவு என்பது ஒன்று, அதற்கு மாற்று இல்லை என்பது வேறொன்று. நிறுவனம் நாளைக்கே இதற்கு இணையானதைத் தயாரிக்க முடியுமா என்று யோசியுங்கள். டர்போ இல்லாத வி8 கொண்ட 458 போன்ற வண்டிகளுக்கு ஆதரவாக இருப்பது இந்த வாதம்தான். 2015-இல் வந்த 488 டர்போவுக்கு மாறியபின் அந்த இன்ஜின் சத்தத்தை ஃபெராரி புதிதாகத் தயாரித்துக் கொடுக்கவில்லை.

யாரும் விரும்பாததால் குறைவாக விற்ற நிறம், யாரும் கேட்காத ஆப்ஷன் கூட்டணி, இவையும் "உலகில் மூன்றே வண்டிகள்" என்று விளம்பரத்தில் வரும். மூன்று வண்டிகளுக்கு இரண்டு வாடிக்கையாளர்கள் என்றால் அது அபூர்வமில்லை.

நிறம், உட்புறம்

வெளி நிறத்தைவிட உள் நிறத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். வெளியே பிடிக்காவிட்டால் ராப் (பெயிண்ட்டின் மேல் ஒட்டும் நிறப் படலம்) ஒட்டிக்கொள்ளலாம். உள்ளே லெதரை முழுவதும் மாற்றுவது பெரிய செலவு, அதுவும் தொழிற்சாலை வேலையாகக் கணக்கில் வராது. ஆகவே உங்கள் ரசனைக்கு ஒத்துவரும் உட்புறம் உள்ள, எல்லோருக்கும் பிடித்த வெளி நிறம் கொண்ட வண்டியைத் தேடுங்கள். மேட் ஊதா வேண்டுமென்றால் அதன்மேல் ராப் ஒட்டுங்கள். விற்கும்போது உரித்துவிட்டால் வண்டி பழையபடி சிவப்பு.

ராப்பிலும் கண்ணி உண்டு. தொழிற்சாலை பெயிண்ட்டின் மீது ஒட்டியது பெரும்பாலும் சேதமின்றி வரும். ஏற்கெனவே மறுபெயிண்ட் அடித்த பானலில் ஒட்டினால், உரிக்கும்போது பெயிண்ட்டும் கூடவே வரலாம். வெயிலில் நிற்கும் வண்டியில் ஆண்டுகள் போகப்போகப் பசை இறுகி, உரிப்பதே தனி வேலையாகிவிடும். ராப் ஒட்டிய வண்டியை வாங்குவதானால் கதவு ஓரத்திலாவது உரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால், அடியில் இருப்பதைப் பற்றி மோசமானதையே கற்பனை செய்துகொண்டு விலை சொல்லுங்கள்.

ராப் வேறு, நிறத்தையே மாற்றிப் பெயிண்ட் அடிப்பது வேறு. நிறம் மாற்றிய வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்க வருபவர் முதலில் கேட்பது "எதை மறைக்க அடித்தார்கள்?" என்பதே. இன்ஜின் அறையின் ஓரங்கள், கதவுக் கீல்களின் அடி, ரப்பர் பட்டைகளுக்குக் கீழே பழைய நிறம் எட்டிப்பார்க்கும்.

தொழிற்சாலையிலேயே சிறப்பு ஆர்டராக அடித்த நிறம் இவற்றோடு சேராது. போர்ஷேயில் வாடிக்கையாளர் கேட்ட நிறத்தை அடித்துத் தரும் திட்டத்தில் வந்த பழங்கால நிறங்களுக்கு நல்ல கூடுதல் விலை நிற்கிறது. ஆனால் ஆவணம் வேண்டும்: ஆப்ஷன் பட்டியலில் அல்லது வண்டியில் ஒட்டிய குறியீட்டு ஸ்டிக்கரில் அந்த நிறம் இருக்க வேண்டும். வாய்வார்த்தைக்கு விலை இல்லை.

தொழிற்சாலை மேட் பெயிண்ட் பிடித்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அதைப் பாலிஷ் போட முடியாது. சின்னக் கீறலுக்கும் பானல் முழுவதும் அடிக்க வேண்டியிருக்கும். பாதுகாப்புப் படலம் ஒட்டிய மேட் வண்டி என்றால் கவலை பாதியாகக் குறையும்.

உட்புறத்தில் வெள்ளை, கிரீம் லெதர் படத்தில் மயக்கும். ஜீன்ஸ் சாயம் ஓட்டுநர் சீட்டின் ஓரத்தில் நீலமாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கால ஃபெராரிகளில் டாஷ்போர்டு லெதர் வெயிலில் சுருங்கி, கண்ணாடிப் பக்கம் மேலெழுந்து நிற்பது வழக்கமான குறை. பட்டன்களின் மென்பூச்சு இளகி விரலில் ஒட்டுவதும் அப்படியே. இரண்டும் சரிசெய்யக் கூடியவை, விலையில் கழித்துக்கொள்ளக் கூடியவை. இவற்றுக்குப் பயந்து நல்ல வண்டியை விட்டுவிட வேண்டாம்.

ஆப்ஷன்களும் மாற்றங்களும்

புதிதாக வாங்கியவர் ஆப்ஷன்களுக்குக் கொட்டிய பணத்தில் சிறு பங்குதான் பழைய வண்டி விலையில் திரும்பும். இது வாங்குபவருக்குச் சாதகம். உங்கள் ரசனைக்கு இங்கே நல்ல தீனி கிடைக்கும். விற்கும்போதும் உதவுபவை சில உண்டு: முன்பக்கத்தை உயர்த்தும் லிஃப்ட், நல்ல சீட்டுகள், ஃபெராரி முன் ஃபெண்டர்களில் பொறித்த கேடயச் சின்னம். இதில் லிஃப்ட்டுக்கு மட்டும் நான் சமரசம் சொல்லமாட்டேன். வேகத்தடையும் சரிவுப் பாதையும் இருக்கும் எந்த ஊரிலும் அது இல்லாத வண்டி விற்கும்போது சிணுங்கும்.

கார்பன் பக்கெட் சீட்டுகள் பிரிவினை உண்டாக்குபவை. பாதிப் பேர் அதற்காகவே வண்டி தேடுவார்கள், மீதிப் பேர் அதனாலேயே போய்விடுவார்கள். ஷோரூமில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து முடிவெடுக்காதீர்கள். நாற்பது நிமிடம் உட்காருங்கள், இடுப்பு என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

வெளியில் வாங்கிப் பொருத்திய மாற்றங்களுக்கு ஒரே சட்டம்: கழற்றிய அசல் பாகங்கள் வண்டியோடு வர வேண்டும். சைலன்ஸர், சக்கரங்கள், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் ஸ்ப்ரிங், எல்லாமே. அசல் இருந்தால் மாற்றம் என்பது வெறும் ஆடை. இல்லாவிட்டால் அதையும் வாங்கிப் போட வேண்டிய செலவு உங்களுடையது. நீங்கள் மாற்றம் செய்தாலும் அசலைத் துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, பாகத்தின் எண்ணைப் படமெடுத்துப் பெட்டியில் வையுங்கள். இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது இந்த வகையில் சேராது. பழைய கோப்பைத் திரும்ப ஏற்றினாலும், மாற்றிய தடயம் டீலரின் கருவிக்குத் தெரியக்கூடும், வாரண்டியும் கேள்விக்குறியாகும். சக்கர வளைவுகளை வெட்டி அகலப்படுத்திய பாடி கிட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது உங்களுக்கு உயிர் என்றால், ஏற்கெனவே வெட்டிய வண்டியை மலிவாக வாங்குங்கள். நல்ல வண்டியை வெட்டாதீர்கள்.

கிலோமீட்டர்: ஓட்டுவதும் ஒரு ரசனை

4,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டி முதலீடு போலத் தெரியும். அதை வாங்கியவர் ஒவ்வொரு ஞாயிறும் சாவியைக் கையில் எடுத்து, திரும்ப வைத்துவிடுவார். அந்த வண்டியின் கூடுதல் விலை முழுவதும் அந்தக் குறைந்த எண்ணில்தான் இருக்கிறது. ஓட்ட ஓட்ட அது கரையும். 40,000 ஓடிய வண்டியில் இன்னும் 10,000 சேர்ந்தாலும் விலையில் பெரிய மாற்றம் இருக்காது. ஓட்டுவதற்காக வாங்குபவர்கள் நடுத்தரக் கிலோமீட்டரும் முழு சர்வீஸ் பதிவும் உள்ள வண்டியைத் தேடுவதே சரி. இந்தச் சந்தையில் அதிகம் பேர் தவறவிடும் பேரம் இதுதான்.

ஓடாமல் நின்ற வண்டிக்கு வேறு நோய்கள். ரப்பர் சீல்கள் காய்ந்து எண்ணெய் கசியும், டயர் நின்ற இடத்தில் தட்டையாகும், பேட்டரி மின்னழுத்தம் விழுந்து கம்ப்யூட்டர்கள் பொய்யான பிழைகளைக் காட்டும், பெட்ரோல் கெட்டுப்போய் இன்ஜெக்டரில் படியும். 360-இன் டைமிங் பெல்ட்டை ஓடினாலும் ஓடாவிட்டாலும் மூன்று ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும் என்று ஓனர்கள் கணக்கு வைத்திருப்பது வயதை வைத்துத்தான். எஃப்430-இல் பெல்ட் போய் செயின் வந்துவிட்டது. இரண்டையும் ஒப்பிடும்போது இந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும்.

ரசனைக்கு இடமில்லாத சோதனைகள்

நிறமும் சீட்டும் உங்கள் விருப்பம். கீழே வருபவற்றில் விருப்பம் என்ற பேச்சே இல்லை. தவறினால் மேலே போட்ட கணக்கு முழுவதும் வீண். விற்பவருக்குத் தொடர்பில்லாத, அந்த பிராண்டைத் தெரிந்த பட்டறையில் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்க வையுங்கள்.

பெயிண்ட் கனத்தை மைக்ரானில் அளக்கும் கருவியால் ஒவ்வொரு பானலிலும் நான்கைந்து இடத்தில் அளக்க வேண்டும். தொழிற்சாலை பெயிண்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் வாக்கில் இருக்கும். ஒரு பானல் மட்டும் இரண்டு மடங்கு காட்டினால் அங்கே வேலை நடந்திருக்கிறது. பாதுகாப்புப் படலம் ஒட்டியிருந்தால் அதுவே 150 முதல் 200 மைக்ரான் கூட்டிக் காட்டும், கழித்துக்கொள்ளுங்கள். கார்பன், பிளாஸ்டிக் பானல்களில் சாதாரணக் கருவி வேலை செய்யாது, அதற்கு அல்ட்ராசோனிக் கருவி தேவை. விற்பவர் கதவில் மட்டும் அளந்து காட்டிவிட்டு கார்பன் பம்பரைத் தாண்டிப் போனால், அதற்குக் காரணம் அறியாமை மட்டுமாக இருக்காது.

கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க் தேய்மானத்தைக் கனத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. வெப்பத்தில் உள்ளிருக்கும் கார்பன் எரிந்து எடை குறையும். டிஸ்க்கின் நடுப்பகுதியில் குறைந்தபட்ச எடை பொறித்திருக்கும். கழற்றி எடைபோட்டு ஒப்பிட வேண்டும். நான்கு டிஸ்க்கும் மாற்ற வேண்டி வந்தால் நிறத்துக்காகப் பேசிய பத்து சதவீதம் ஒரே நாளில் காணாமல் போய்விடும்.

மாடலுக்கு மாடல் தனிக் குறைகள் உண்டு. மெக்லாரன் 12சி, 650எஸ், 720எஸ் வண்டிகளில் சஸ்பென்ஷன் ஹைட்ராலிக்கால் இணைந்தது. அதிலுள்ள அக்யுமுலேட்டர்கள் (அழுத்தத்தைச் சேமிக்கும் கலங்கள்) காலப்போக்கில் அழுத்தம் இழக்கும், வண்டி திடீரென்று கல்லாகக் குலுங்கும். 570எஸ்-இல் வழக்கமான டேம்பர்கள் (ஷாக் அப்சார்பர்கள்) என்பதால் அந்தத் தொல்லை இல்லை. முதல் தலைமுறை ஆர்8-இல் காந்த டேம்பர்கள் கசிகின்றனவா என்று பாருங்கள். எஃப்430-இல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (இன்ஜின் புகையைத் திரட்டி வெளியேற்றும் குழாய்த் தொகுதி) விரிசல் விடும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது டிக் டிக் என்று சத்தம் கேட்டால் சந்தேகப்படுங்கள். 2014-இல் கனெக்டிங் ராட் போல்ட் பிரச்சினையால் தீப்பிடித்ததைத் தொடர்ந்து, போர்ஷே, 991 என்ற உட்பெயர் கொண்ட 911 தலைமுறையின் ஜிடி3 வண்டிகள் 785-க்கும் இன்ஜினையே மாற்றிக் கொடுத்தது. அந்தக் காலத்து ஜிடி3 வாங்குபவர் இன்ஜின் எப்போது, எந்தப் பதிப்புக்கு மாறியது என்ற தாளைக் கேட்க வேண்டும். போர்ஷேக்களில் இன்ஜின் அனுமதித்த வேகத்தைத் தாண்டிச் சுழன்ற கணக்கு கம்ப்யூட்டரில் ஆறு படிகளாகப் பதிவாகியிருக்கும். மேல் படிகளில் எண்கள் இருந்து, அவை அண்மையில் நடந்தவை என்றால் வண்டியை விட்டுவிட்டு வாருங்கள்.

எளிதான சோதனைகளையும் விட்டுவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. தரையைப் பிடிக்கும் பள்ளங்கள் தேயாமல் இருந்தாலும் ஆறு ஆண்டு தாண்டிய டயரை மாற்றும் செலவாகவே கணக்கிடுங்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, பாக்கியுள்ள ரீகால் வேலைகளை (குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டியைத் திரும்ப அழைப்பது) கேளுங்கள். இரண்டு சாவி, கையேடுகள், சர்வீஸ் புத்தகம், கருவிப் பை, பேட்டரி சார்ஜர், கவர், இவற்றில் காணாமல் போன ஒவ்வொன்றுக்கும் பேரத்தில் ஒரு விலை உண்டு. இருபது ஆண்டு தாண்டிய ஃபெராரிக்கு நிறுவனமே தரும் கிளாசிக்கே சான்றிதழ் கிடைக்கும். அசல் பாகங்கள் இல்லாத வண்டி அதில் தேறாது. பழைய ஃபெராரியில் மாற்றங்கள் செய்ய நினைப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

விலை பேசும்போது

உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதை முகத்தில் காட்டாதீர்கள். பச்சை நிறம் உங்களுக்கு வரம். பேசும்போது அது குறை. "இந்த நிறத்துக்கு அடுத்து ஆள் கிடைக்க எனக்கு எவ்வளவு காலம் ஆகுமோ" என்று சொல்வதில் பொய் இல்லை. நீங்கள் திரட்டிய தாளில் இதே மாடல் சிவப்பு எத்தனை நாளில் போனது, பச்சை எத்தனை நாள் நின்றது என்று காட்டுங்கள். இந்த வண்டிக்கான உச்சவரம்பை வீட்டிலேயே எழுதிவிட்டு வாருங்கள்: நேரடி நஷ்டம், காத்திருப்புச் செலவு, சோதனையில் தெரிந்த வேலைகள், அவற்றோடு ஆண்டுக்கு நீங்கள் ஒப்புக்கொண்ட ரசனை வாடகை. அதைத் தாண்டினால் எழுந்துவிடுங்கள். வண்டியின் முன்னால் நின்று போடும் கணக்கு எப்போதும் வண்டிக்குச் சாதகமாகவே வரும்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, இழப்பு நேர்ந்தால் தர வேண்டிய தொகையை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் பாலிசி கிடைக்கிறதா என்று பாருங்கள். மேனுவல், சிறப்பு நிறம் போன்றவற்றுக்காகக் கொடுத்த கூடுதல் விலை சாதாரண மதிப்பீட்டில் அப்படியே தொலைந்துபோகும்.

விற்கப்போகும் நாளுக்கு இப்போதே

கூரை திறக்கும் வண்டியை மழையும் குளிரும் முடிகிற சமயத்தில் சந்தைக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த தலைமுறை அறிவிப்பு வரும் என்று பேச்சு அடிபடத் தொடங்கினால், காத்திருப்பதில் லாபம் குறைவு. பெரிய சர்வீஸ் நெருங்கும்போது விற்றுத் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் பலர்; வாங்குபவருக்கும் அந்த அட்டவணை தெரியும், செலவைவிடக் கூடுதலாகவே கழிப்பார். சர்வீஸை முடித்து, ரசீதோடு விற்பது நல்லது.

வண்டி வந்த முதல் நாளிலேயே ஒரு கோப்பு தொடங்குங்கள். அடிப்பகுதி, நான்கு சக்கரங்களின் உட்புறம், சீட் ஓரங்கள், ஓடோமீட்டர், பெயிண்ட் அளவுகள், கிளட்ச் சதவீதம், எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். ராப் ஒட்டுவதானால் ஒட்டுவதற்கு முந்தைய நாள் ஒவ்வொரு பானலையும் வெளிச்சத்தில் படமெடுத்து, ஒட்டிய பட்டறையின் ரசீதையும் சேருங்கள். நான்கு ஆண்டு கழித்து அந்த ஊதாவை உரித்து நிறுத்தும்போது, அடியில் இருப்பது தொழிற்சாலைச் சிவப்புதான் என்று காட்ட அந்தக் கோப்பே போதும்.